டிராம்பேயில் ஒரு வேலை

போன வாரம் மிஸ்ஸிஸாகாவில் நண்பர் வீட்டு விருந்து. சாப்பாடு முடிந்து ஆண்கள் எல்லாரும் வழக்கம்போல இந்திய அரசியலைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். நண்பரின் அக்கா பையன் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். சென்னைப் பையன். இங்கே வந்து ஆறு வருடமாகிறது, முனைவர் பட்டம் முடிக்கும் தறுவாயில் இருக்கிறான்.

"அங்கிள், ஊருக்கே திரும்பிடலாம்னு பாக்கறேன். அங்க வேலை எப்படித் தேடறது? அம்மாவுக்கு இன்னும் தெரியாது."

அம்மாவுக்குத் தெரியாது என்பதை இரண்டு தரம் சொன்னான். பையன் பி.ஆர். வாங்கப்போகிறான் என்று அந்த அம்மாள் அபார்ட்மெண்ட் முழுக்கச் சொல்லி முடித்தாகிவிட்டதாம்.

என்னிடம் ஏன் கேட்டான் என்றால், நான் இதில் ஒருமுறை தோற்றவன் என்பது நண்பர் வட்டாரத்தில் பிரசித்தம். 2003 டிசம்பரில் மூன்று வார விடுப்பில், ஐந்து ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். ஓரிடத்தில் என் பட்டத்துக்குச் சமநிலைச் சான்றிதழ் கேட்டார்கள். இன்னோரிடத்தில் வயது வரம்பைத் தாண்டி நான்கு மாதம் ஆகியிருந்தது. மூன்றாவது இடத்தில் பெரியவர் ஒருவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "அங்கே உனக்கு ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். திரும்பி வர நினைக்கிறவன் எதையோ செய்துவிட்டுத்தான் ஓடி வருகிறான் என்பது அவர் முடிவு! நாலாவது, ஐந்தாவது இடங்களிலிருந்து பதிலே வரவில்லை.

பையனுக்கு அன்றைக்கு உருப்படியாக எதுவும் சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் யோசித்தேன். அப்போது ஞாபகம் வந்தது டிராம்பே.

நான் செம்பூரில் வளர்ந்தவன். ஸ்டேஷனிலிருந்து பெஸ்ட் பஸ் பிடித்தால் ஆர்.கே. ஸ்டுடியோ, தேவ்னார், மான்குர்த் தாண்டி டிராம்பே. சின்ன வயதில் எலிஃபண்டா குகைக்குப் படகில் போகும்போது கரையோரம் வெள்ளையாக ஒரு உருண்டைக் கோபுரம் தெரியும். "அதான் அணு உலை. பெரிய பெரிய படிப்பு படிச்சுட்டு ஃபாரின்லேர்ந்து திரும்பி வந்தவங்க கட்டினது. நீயும் அங்கதான் வேலைக்குப் போகணும்" என்பார் அப்பா. அது கனடா உதவியுடன் கட்டி, 1960-இல் இயங்கத் தொடங்கிய சைரஸ் உலை என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. 2010 கடைசியில் அதை நிறுத்திவிட்டார்கள்.

அப்பா சொன்னது பெரும்பாலும் சரி. டிராம்பேயின் கதையே வெளிநாட்டில் படித்துவிட்டு ஊரில் வேலை பார்க்க வந்தவர்களின் கதைதான். முதல் ஆள் ஹோமி பாபா. கேம்பிரிட்ஜில் இருந்தவர் 1939-இல் விடுமுறைக்கு வந்தார். போர் மூண்டது, திரும்பிப்போக முடியவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், சி.வி. ராமன் இருந்த இயற்பியல் துறையில் அவருக்கு ஒரு ரீடர் பதவி கிடைத்தது. போர் முடிந்ததும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ வேலை தேடிக்கொள்வதாகத்தான் அவர் திட்டம். ஆனால் 1940-களில் டாடாக்களுக்கு எழுதியபோது மனம் மாறிவிட்டிருந்தார். தகுந்த மதிப்பும் பண உதவியும் கிடைக்குமென்றால் சொந்த நாட்டில் இருப்பதுதான் கடமை என்று எழுதினார். அந்த "கிடைக்குமென்றால்" எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெறும் தேசபக்தி இல்லை, நிபந்தனையோடு கூடிய தேசபக்தி!

1944 மார்ச்சில் அவர் டாடா அறக்கட்டளைக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இது: இன்னும் இருபது வருடத்தில் அணுசக்தியிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வந்தால், இந்தியா நிபுணர்களைத் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியிருக்காது, கையருகிலேயே இருப்பார்கள். ஹிரோஷிமாவில் குண்டு விழுவதற்கு ஒன்றரை வருடம் முன்பு எழுதியது. 1945-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், 1948-இல் அணுசக்தி ஆணையம், 1954 ஜனவரியில் டிராம்பேயில் அணுசக்தி நிலையம் என்று வரிசையாக வந்தன. இயந்திரம் வாங்கப் பணம் கிடைத்தது. ஆளுக்கு எங்கே போவது?

இங்கேதான் 1949-ஆம் வருடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த வருடம் இங்கிலாந்தில் பட்டம் வாங்கிய இரண்டு இந்திய இளைஞர்கள் ஊர் திரும்பினார்கள். இருவரும் முனைவர் பட்டம் பெற்றது 1948-இல்.

ஒருவர் ராஜா ராமண்ணா. தும்கூர்க்காரர், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பட்டம். பியானோ வாசிப்பார். 1944-இல் மைசூரில் மேற்கத்திய இசைத் தேர்வு நடத்த வந்திருந்த ஒருவர் மூலமாகத்தான் பாபாவுக்கு அறிமுகமானார். 1949 டிசம்பரில் டாடா நிறுவனத்தில் சேர்ந்தார். பிற்பாடு டிராம்பேயின் தலைவரே ஆனார்.

இன்னொருவர் ஹர் கோவிந்த் கொரானா. பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போய்விட்ட ஒரு கிராமத்தில் பிறந்தவர். அரசாங்க உதவித்தொகையில் லிவர்பூல் போய்ப் பட்டம் வாங்கினார். அப்புறம் சூரிக்கில் கொஞ்ச காலம். 1949-இல் இந்தியாவுக்கு வந்து வேலை தேடினார், கிடைக்கவில்லை. மறுபடி கேம்பிரிட்ஜ், 1952-இல் கனடாவின் வான்கூவர், 1960-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின். 1968-இல் நோபல் பரிசு.

கொரானாவுக்கு வேலை கொடுக்காத முட்டாள்கள் யார் என்று நாம் உச்சுக்கொட்டுவது வழக்கம். நானும் கொட்டியிருக்கிறேன், என் ஐந்து ஃபைல்களை அவர் பக்கத்தில் வைத்துக்கூடப் பார்த்திருக்கிறேன் (சிரிக்காதீர்கள்). ஆனால் யோசித்தால், இருவருக்கும் நடுவே இருந்த பெரிய வித்தியாசம் அறிமுகம். ராமண்ணாவைத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தார், அவர் கையில் ஒரு நிறுவனமும் இருந்தது. கொரானாவுக்கு அப்படி ஒருவர் அமையவில்லை.

பாபாவின் முறையே அதுதான். முதலில் ஆளைப் பார், அப்புறம் அவரைச் சுற்றித் துறையைக் கட்டு. காலியிடம், விளம்பரம் எல்லாம் பிறகு. மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1954-இல் பட்டம் வாங்கிய எம்.ஆர். சீனிவாசன் அடுத்த வருடமே அணுசக்தித் துறையில் சேர்ந்தார். 1956 ஆகஸ்டில் இயங்கிய முதல் உலையான அப்சராவில் வேலை செய்தார். பிறகு நம் கல்பாக்கம் மின்நிலையத்தைக் கட்டும் பொறுப்பும் அவரிடம் வந்தது. எம்.ஜி.கே. மேனன் பிரிஸ்டலிலிருந்து வந்து 1955-இல் டாடா நிறுவனத்தில் சேர்ந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு தந்தியின் கதை. 1961-இல் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த நான்கு இந்திய ரேடியோ வானியலாளர்கள், கோவிந்த் ஸ்வரூப், டி.கே. மேனன், எம்.ஆர். குண்டு, டி. கிருஷ்ணன், ஒன்றுசேர்ந்து ஒரு திட்டம் எழுதி இந்தியாவில் பல நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். எங்களுக்கு வேலை கொடுங்கள் என்று கேட்கவில்லை. நாங்கள் நாலு பேரும் வருகிறோம், இதைச் செய்வோம் என்று எழுதினார்கள். 1962 ஜனவரியில் பாபாவிடமிருந்து தந்தி வந்தது: குழு அமைப்பதாக முடிவு செய்துவிட்டோம், கடிதம் பின்னால் வருகிறது.

ஸ்வரூப் 1963-இல் வந்தார். ஆஸ்திரேலியா கொடுத்த 32 பழைய சிறு ஆன்டெனாக்களைக் கல்யாணில் நிறுத்தித் தொடங்கினார். 1970-இல் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாக ஒரு தொலைநோக்கி எழுந்தது. அந்த மலைச்சரிவு சுமார் 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் அதே. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஊட்டிக்குத் தேனிலவு போனவர்கள் பலர் அதைப் பார்த்திருப்பார்கள், என்னவென்று தெரியாமலே.

நிற்க. குண்டுவும் மேனனும் வந்தார்கள். சில வருடங்களில் மறுபடி வட அமெரிக்காவுக்கே போய்விட்டார்கள். பாபாவின் தந்தியே கையில் இருந்தும் கதை இப்படித்தான். ஸ்வரூப் 2020-இல் காலமாகும் வரை இந்தியாவிலேயே இருந்தார்.

அந்த ஊட்டித் தொலைநோக்கியில் ஸ்வரூபுடன் வேலை செய்தவர்களில் டிராம்பே பயிற்சிப் பள்ளியில் படித்துவிட்டு வந்த இளைஞர்களும் உண்டு. என் கதையும் அங்கேதான் வந்து முட்டுகிறது.

வெளிநாட்டிலிருந்து ஒவ்வொருவராகப் பொறுக்கியெடுத்து வேலைக்கு ஆகாது என்பது பாபாவுக்குத் தெரிந்திருந்தது. 1957-இல் டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். நாடெங்கும் கல்லூரிகளிலிருந்து பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு வருடம் பாடம் சொல்லிக்கொடுத்து, தேறியவர்களுக்கு அங்கேயே வேலை. அடுத்த வருடம், 1958-இல், அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு திரும்பி வருகிறவர்களுக்காக "விஞ்ஞானிகள் சேமிப்பு" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நிரந்தர வேலை கிடைக்கும்வரை ஓர் ஆய்வகத்தில் தற்காலிகமாக உட்கார ஒரு நாற்காலியும் சம்பளமும். ஒன்று பள்ளிக்கூடம், இன்னொன்று காத்திருப்பு அறை. எது ஜெயித்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

1966 ஜனவரி 24 அன்று பாபா சென்ற ஏர் இந்தியா விமானம் மோன் பிளாங் மலையில் மோதியது. அடுத்த ஜனவரியில் டிராம்பே நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். தந்தி அடிக்கிற ஆள் போய்விட்டார், பள்ளிக்கூடம் நின்றது. 1993-இல் அணுசக்தி ஆணையத்தின் தலைவரான ஆர். சிதம்பரம் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பெங்களூரிலும் படித்தவர். அவருக்குப் பின் வந்த அனில் ககோட்கர் பயிற்சிப் பள்ளி மாணவர். நிபுணர்கள் கையருகிலேயே இருப்பார்கள் என்று 1944-இல் எழுதிய கடிதம் பலித்துவிட்டது. அது பலித்ததால்தான் என்னைப் போன்றவர்களை யாரும் தேடவில்லை!

இதை நான் ரொம்ப நாள் குறையாகவே பார்த்தேன். என் மனதை மாற்றியவர் என் பழைய ஹாஸ்டல் நண்பர், விருதுநகர் பக்கத்துக் கிராமத்துக்காரர். வீட்டில் முதல் பட்டதாரி. பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டு, தேர்வாகி, அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை வளர்த்தவர். நான் விமானம் ஏறிய வருடம் அவரிடம் பம்பாய்க்கு ரயில் டிக்கெட் எடுக்கத்தான் காசு இருந்தது. 2003-இல் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, தந்தி கொடுத்துக் கூப்பிட்ட அந்தக் காலம் போச்சே என்று நான் புலம்பியபோது மெதுவாகச் சொன்னார்: "தந்தி வர்றதுக்கு முதல்ல அட்ரஸ் தெரிஞ்சிருக்கணும்யா. எங்கப்பாவை யாருக்குத் தெரியும்?"

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உண்மைதானே? பியானோ தெரிந்தவருக்கும் கேம்பிரிட்ஜ் தெரிந்தவருக்கும் திறந்த கதவு அது. விண்ணப்பமும் தேர்வும் வந்த பிறகுதான் அவருக்குத் திறந்தது. அந்தக் கதவும் எல்லாருக்கும் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே மான்குர்த்தில் ஜனதா காலனி என்று ஒன்று இருந்தது. வேலை தேடி பம்பாய் வந்த ஏழைகள், நம் தமிழர்கள் நிறையப் பேர், அங்கே வாழ்ந்தார்கள். அணுசக்தித் துறைக்கு அந்த நிலம் வேண்டுமென்று 1976 மே மாதம், நெருக்கடி நிலையின்போது, வீடுகளை இடித்து அவர்களைச் சீட்டா கேம்ப்புக்கு மாற்றினார்கள். அதை எதிர்த்து நின்றவர்களின் தலைவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். பிற்பாடு மகசேசே விருது நிறுவனமே அவரைத் தேடி வந்தது. அப்பா படகில் இதைச் சொன்னதில்லை.

அப்பா கடைசிவரை எம்ப்ளாய்மெண்ட் நியூஸில் விளம்பரங்களைக் கத்தரித்துத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசி தேதிக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருப்பார். பாதிக்கு மேல் தேதி முடிந்தபிறகுதான் இங்கே வந்து சேரும். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு உறை வந்தது. அதை இன்னும் பிரிக்கவில்லை.

நேற்று பையனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வரலாற்றைச் சுருக்கிச் சொன்னேன். விளம்பரத்துக்குக் காத்திருக்காதே, நீ செய்கிற வேலையைச் செய்கிறவர்கள் ஊரில் யார் யார் என்று பார்த்து அவர்களுக்கு எழுது. எனக்கு என்ன தருவாய் என்று கேட்காமல், நான் வந்தால் இதைச் செய்வேன் என்று ஸ்வரூப் மாதிரி எழுது. ராமானுஜன் பெயரிலும் ராமலிங்கஸ்வாமி பெயரிலும் இந்த நூற்றாண்டில் தொடங்கிய ஐந்து வருட உதவித்தொகைகளைப் பற்றி விசாரி. ஆனால் அது அந்தக் காத்திருப்பு அறையின் பேரப்பிள்ளைதான், உட்கார்ந்த அன்றே அடுத்த நாற்காலியைத் தேடு. சமநிலைச் சான்றிதழை இன்றைக்கே விசாரி. வயது வரம்பை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டு. அங்கே இருக்கிறவர்கள் உனக்காக இடம் பிடித்து வைத்திருக்கவில்லை, அவர்கள் வரிசையில் நின்று வந்தவர்கள் என்பதை மறக்காதே.

"சரி அங்கிள். அம்மாகிட்ட யார் சொல்றது?"

அதற்கு டிராம்பே வரலாற்றில் விடை இல்லை. ஊர் போய்ச் சேர்ந்தபிறகு நேரிலேயே சொல்லிக்கொள் என்றேன். என் பெயரை மட்டும் இழுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.