பழைய ஏடிவி கொள்ளுமாறு: நூற்பாவும் உரையும்

குளிர்ந்த பொறியே கிளப்புக, தூசி
படிந்த காற்றறை கண்டுழி ஒழிக;
வெளுத்த எண்ணெய் விலையிற் கழிக்க;
நான்கு சக்கரம் ஒருதரம் ஆயின்
மூப்பினும் கொள்ளுக முதலறிந் தோரே.

என்பது நூற்பா. இஃது என் நுதலிற்றோ எனின், அமெரிக்கப் பண்ணைகளில் உழைத்து மூத்த ஃபோர் வீல் டிரைவ் ஏடிவியைக் கொள்ளுமாறும் காக்குமாறும் உணர்த்துதல் நுதலிற்று. அவ்வகை வண்டியை அந்நாட்டில் முதற்கண் விற்றது ஹோண்டா, ஆண்டு 1986. ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொண்டது 1988 முதல் 2000 வரை வந்த ஃபோர்ட்ராக்ஸ் 300.

"குளிர்ந்த பொறியே கிளப்புக" என்பது: பொறி, எஞ்சின். ஏகாரம் பிரிநிலை, சூடேறியதைக் கிளப்புதல் சோதனை ஆகாது என்றவாறு. முன்னரே ஓட்டி வைத்த எஞ்சின் எளிதிற் கிளம்பும். தேய்ந்த பிஸ்டன் ரிங்கும், இடைவெளி இறுகிய வால்வும், பழம் பெட்ரோல் காய்ந்து பிசின் பிடித்த கார்புரேட்டரும் குளிரிலேதான் தம்மைக் காட்டும். ஆகலின் சென்றவுடன் எஞ்சின்மேற் கைவைத்துப் பார்த்தல் முதற்செயல். "கிளப்புக" எனக் கொள்வானை ஏவினமையின், விற்பான் கிளப்பக் கண்டு நிற்றல் அமையாது. நீலப்புகை விடாது வரின் எண்ணெய் எரிகின்றது என்க.

"தூசி படிந்த காற்றறை" என்பது: காற்றறை, இருக்கையின் கீழுள்ள ஏர் ஃபில்டர் பெட்டி. ஃபில்டரின் வெளிப்புறத்துத் தூசி குற்றமோ எனின், அன்று; தூசியைத் தடுக்கவே அஃது அமைந்தது. குற்றமாவது, ஃபில்டரைக் கடந்து கார்புரேட்டர் பக்கத்துக் குழாயினுள் விரலால் தடவ ஒட்டும் தூசி. அது சிலிண்டருட் புகுந்து அரத்தினும் நுண்ணிதாய்த் தேய்க்கும். தேய்ந்த அளவு வெளியே புலனாகாது. அதுபற்றியே ஆசிரியர் விலை பேச இடங்கொடாது "ஒழிக" என்று முடித்தார். கொண்டபின் ஃபோம் ஃபில்டரைக் கழுவி, உலர்த்தி, அதற்குரிய எண்ணெயிட்டுப் பொருத்துக என்பதும் இதனாற் பெறப்படும்.

"வெளுத்த எண்ணெய்" என்பது: நீர் கலந்து பால்போல் ஆயது. எந்த எண்ணெய் எனின், முன் டிஃபரன்ஷியலிலும் பின்னச்சின் கியர்ப்பெட்டியிலும் உள்ளது. ஆற்றிலும் சேற்றிலும் மூழ்க ஓடிய வண்டியில் சீல் வழி நீர் புகும். மேல் "ஒழிக" என்றவர் ஈண்டுக் "கழிக்க" என்றது என்னையெனின், சீல் மாற்றி எண்ணெய் புதுக்கின் இது தீரும் ஆகலின். பேரிங் அலறும் வண்டிக்கு இவ்விதி செல்லாது. எஞ்சின் எண்ணெயே வெளுத்திருப்பினும் செல்லாது. இவ்வண்டியின் எஞ்சினுட் கூலண்ட் இல்லை, வெளுப்பு வெளிநீரால் வந்ததே.

"நான்கு சக்கரம் ஒருதரம் ஆயின்" என்பது: முன் டயரும் பின் டயரும் அகலத்தால் வேறாகவே தொழிற்சாலையினின்று வரும், "ஒருதரம்" எங்ஙனம் பொருந்தும் எனின், கூறுதும். உருளும் சுற்றளவில் முன்பின் பொருத்தம் கெடாமையே ஒருதரம். ஃபோர்ட்ராக்ஸ் 300இல் நான்கு சக்கரமும் எஞ்ஞான்றும் பூட்டுண்டே இழுக்கும். விடுவிக்கும் சுவிட்ச் இல்லை. பின்னே பெரிய டயரும் முன்னே தேய்ந்த டயரும் இட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துப் பற்சக்கரம் வருந்தும். கட்டான தார்ச்சாலையில் இது மிகும். காற்றழுத்தமும் இதன்பாற் படும்: இவ்வண்டியின் டயருக்கு வேண்டுவது ஐந்து பிஎஸ்ஐக்கும் குறைவே, கார் டயரின் அளவுமானி அதனைச் செவ்விதிற் காட்டாது. குறைந்த அழுத்தத்திற்குரிய அளவுமானி தனியே வாங்குக.

"மூப்பினும்" என்ற உம்மை இழிவுசிறப்பு. ஆண்டு மிகுதி தள்ளுதற்குக் காரணம் அன்று என்பது கருத்து. கொட்டகையில் நின்ற முப்பதாண்டு வண்டி, சேற்றில் வதைபட்ட பத்தாண்டு வண்டியினும் நன்றாதல் உண்டு.

"முதலறிந்தோர்" என்புழி முதல், கொடுக்கும் விலை மட்டும் அன்று; கொண்டபின் ஆகும் செலவும் அடங்கும். நூற்பா பிரேக்கைச் சொல்லிற்றில்லையே எனின், அதுவும் இச்சொல்லின் அகத்ததே. இவ்வண்டியின் முன் பிரேக் டிரம் வகையது. நீர் புகுந்து ஷூவும் சிலிண்டரும் இறுகிக் கிடப்பன பல. முன் டிரம் இரண்டையும் கழற்றி நோக்கி, அச்செலவையும் கூட்டிய பின்னரே விலை பேசுக.