வடக்கிலிருந்து வந்தவர் – 4: அந்த விசிட்டிங் கார்டு

கிருனா இரும்புச் சுரங்க விபத்தில் தந்தையை இழந்தபோது பொர்யே சால்மிங்குக்கு ஐந்து வயது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். இப்போது அவருக்கு 21 வயது. யெவ்லே நகரத்தின் பிரினஸ் ஐஸ் ஹாக்கி அணியில் தடுப்பாட்டக்காரர். 1971, 1972 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் சுவீடன் சாம்பியன் பட்டம் வென்ற அணி அது.

1972 கிறிஸ்துமஸ் சமயம். சுற்றுப்பயணம் வந்த கனடாவின் பாரி ஃப்ளையர்ஸ் அணியோடு பிரினஸ் மோதியது. வந்தவர்கள் ஆடியது முரட்டு ஆட்டம். சால்மிங் ஒதுங்கிப் போகவில்லை. பதிலுக்குப் பதில் மோதினார். விளைவு, ஆட்டம் முடியும் முன்பே நடுவர் அவரை வெளியேற்றிவிட்டார்.

பார்வையாளர் பகுதியில் ஜெரி மெக்நமாரா உட்கார்ந்திருந்தார். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்காக வீரர்களைத் தேடி அலைபவர். அவர் சுவீடனுக்கு வந்தது ஒரு கோல் கீப்பரைப் பார்க்கத்தான். ஆனால் சால்மிங் வெளியேறியதும் இவரும் எழுந்துவிட்டார். நேரே உடைமாற்றும் அறைக்குப் போய், விசிட்டிங் கார்டை நீட்டி, டொராண்டோவுக்கு ஆட விருப்பமா என்று கேட்டார். சால்மிங் சொன்ன பதில்: ஆம்.

நடுவர் துரத்திய ஒருவனிடம் போய் ஒப்பந்தம் பேச யாருக்குத் தோன்றும்? மெக்நமாராவின் பார்வைக்கு என் மரியாதை அதற்காகத்தான். டொராண்டோவுக்கு அவசரமும் இருந்தது. அந்த ஆண்டுதான் டபிள்யூ.எச்.ஏ. என்ற புதிய லீக் தோன்றி, கூடுதல் சம்பளம் காட்டி, கோல் கீப்பர் பெர்னி பேரன்ட் உட்பட அவர்களின் ஆட்கள் பலரை இழுத்துப் போயிருந்தது.

1973-இல் சால்மிங்கும் அவருடைய அணித்தோழர் ஹமர்ஸ்ட்ரோமும் டொராண்டோவில் ஒப்பந்தமானார்கள். ஆனால் டொராண்டோ ஆடிய என்.எச்.எல். லீக் அப்போது ஏறக்குறைய முழுக்கக் கனடாக்காரர்களின் கோட்டை. 1965-இல் அங்கே கால்வைத்த முதல் சுவீடன்காரர் உல்ஃப் ஸ்டெர்னர், நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு நாலே ஆட்டங்கள் ஆடினார், அத்தோடு சரி. ஐரோப்பாவில் கைகலப்பில் இறங்கினால் அன்றைய ஆட்டம் முடிந்தது. என்.எச்.எல்.லிலோ ஐந்து நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டு மறுபடியும் களமிறங்கலாம். அதனால் அடிதடிக்கென்றே ஆள் வைத்திருந்த அணிகள் உண்டு. சுவீடன்காரர்கள் கோழைகள், நாலு அடி கொடுத்தால் ஊருக்கு ஓடிவிடுவார்கள் என்பது அங்கே பரவலான பேச்சு.

1973 அக்டோபர் 10. முதல் ஆட்டம், எதிரணி பஃபலோ சேபர்ஸ். டொராண்டோ 7-4 என்று வென்றது. ஆட்டத்தின் சிறந்த வீரர் சால்மிங். ஒரே இரவில் சந்தேகப் பேச்சுகள் பாதி அடங்கின.

மீதிப் பாதிக்கு 24 மணி நேரம்கூட அவகாசம் இல்லை. மறுநாள் இரவே ஆட்டம் பிலடெல்பியாவில். எதிரே பிலடெல்பியா ஃப்ளையர்ஸ், லீக் முழுவதும் கண்டு பயந்த அணி. ‘பிராட் தெரு முரடர்கள்’ என்று பத்திரிகைகள் அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தன. அவர்களில் தலையாய முரடர் டேவ் ஷுல்ட்ஸ். அடுத்த சீசனில் அவர் வாங்கிய தண்டனை 472 நிமிடங்கள். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை.

அந்த ஷுல்ட்ஸோடுதான் சால்மிங் அன்றிரவு கைகலப்பில் இறங்க நேர்ந்தது. ஆங்கிலம்கூடச் சரியாக வராத புது ஆள், லீக்கின் மிகப் பெரிய சண்டைக்காரர் முன்னால் தாக்குப்பிடித்தாரா? அடுத்த வாரம் பிலடெல்பியாவில் சந்திப்போம்.

(தொடரும்)