கூலி முன்னே, மதிப்புப் பின்னே
பாகாலா சந்திப்பில் வண்டிக்குக் காத்திருக்கும் நேயர்களுக்கு, இரயில்வே உத்தியோகம் ஒரு குடும்பத்தை எவ்வாறு நிமிர்த்தும் என்பதை நான் கூற வேண்டியதில்லை. பல்வாங்கர் பாலு என்னும் கிரிக்கெட் வீரருக்கும் பம்பாயில் அவ்வுத்தியோகம் கிட்டிற்று. தாழ்த்தப்பட்ட வகுப்பிற் பிறந்த அவர், முன்னர்ப் பூனாவில் வெள்ளையர் சங்கத்து ஆடுகளத்தைச் செப்பனிட்டு மாதம் 4 ரூபாய் பெற்றவர். அங்கே துரைமார்களுக்குப் பந்தெறிந்து பழகிய கை, பின்னர் இந்து அணிக்கு இன்றியமையாததாயிற்று. அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். இடைவேளையிலோ அவருக்குத் தேநீர் வெளியே, மண் குவளையில்! சித்தூர் ஜில்லா அமைந்த அதே 1911-ஆம் ஆண்டில், இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் அவர் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் தலைமைப் பதவி அவரை அணுகவில்லை. 1923-இல்தான் அவர் தம்பி விட்டல் இந்து அணியின் தலைவரானார்.