கேபர்னே ஃப்ராங்: குளிர்ப் பகுதிகளில் ஒரே ரகம், பல சுவை

சிவப்பு ஒயின் திராட்சைகளில் பழமையான ரகங்களுள் ஒன்று கேபர்னே ஃப்ராங். புகழ்பெற்ற கேபர்னே சாவிஞான் ரகத்தின் பெற்றோரில் ஒன்று இதுதான் என்பது 1997-ல் மரபணு ஆய்வில் உறுதியானது. சாவிஞானைவிட முன்னதாகவே பழுத்துவிடுவதால், வெயில் நாட்கள் குறைந்த குளிர்ப் பகுதிகளுக்கு இது ஏற்றது. ஆனால் இடத்துக்கு இடம் இதன் சுவை மாறும்.

பிரான்ஸ், லுவார் பள்ளத்தாக்கு

ஷினோன், பூர்கேய் பகுதிகளில் ஆற்றோர மணலிலும் சரளை மண்ணிலும் வளரும் கொடிகள், சீக்கிரம் குடிக்கத்தக்க இலகுவான ஒயினைத் தருகின்றன. சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில் விளையும் பழத்தின் ஒயினோ துவர்ப்பு மிக்கது. பல ஆண்டுகள் இருப்பு வைக்கலாம். இந்த ரகம் சீக்கிரமே துளிர்ப்பதால் வசந்தகால உறைபனிதான் பெரிய ஆபத்து. ஏப்ரல் 2021 உறைபனியில் லுவார் விவசாயிகள் பலர் இளந்துளிர்களை இழந்தனர்.

அமெரிக்கா, ஃபிங்கர் லேக்ஸ்

நியூயார்க் மாநிலத்தின் இப்பகுதியில் ஆழமான ஏரிகள் கோடை வெப்பத்தைச் சேமித்து, குளிர்காலக் கடுமையைக் குறைக்கின்றன. அதனால் ஏரிச் சரிவுகளிலேயே தோட்டங்கள் அமைந்துள்ளன. குளிர்காலத்துக்கு முன் ஒட்டுப்பகுதியை மண் அணைத்து மூடுவார்கள். ஒயின் நடுத்தரக் கனமும் நல்ல புளிப்பும் கொண்டது.

கனடா, ஒன்டாரியோ

இங்கு இதே ரகத்தில் ஐஸ்ஒயினும் தயாரிக்கிறார்கள். பழத்தைக் கொடியிலேயே உறையவிட்டு, மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே வெப்பநிலை இறங்கியபின் பறித்து, உறைந்த நிலையிலேயே பிழிகிறார்கள். நீர் பனிக்கட்டியாகத் தங்கிவிட, கெட்டியான இனிப்புச் சாறு மட்டும் கிடைக்கிறது.

பச்சைக் குடைமிளகாய் வாசனை ஏன்?

குளிர்ப் பகுதி விவசாயிக்கு விலையைத் தீர்மானிப்பது இதுதான். பைரசின் என்ற சேர்மம் காய்ப் பருவத்தில் சேர்ந்து, பழம் நிறம் மாறிய பின் குறைகிறது. அளவு மிகுந்தால் ஒயினில் பச்சை வாடை அடிக்கும். கவனிக்க வேண்டியவை:

• காய் பிடித்த சில வாரங்களுக்குள் கொத்தைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளுங்கள். காயில் வெளிச்சம் பட்டால் பைரசின் சேர்வது குறையும். நிறம் மாறிய பின் கிள்ளினால் பலன் மிகக் குறைவு.
• காலை வெயில் படும் பக்கத்தில் மட்டும் கிள்ளுவது பாதுகாப்பானது. வெப்பம் மிகுந்த இடங்களில் இம்முறையை அப்படியே பின்பற்றினால் பழம் வெந்துவிடும்.
• அளவுக்கு மீறிய தழைச்சத்தும் நீரும் வேண்டாம். கொடி தழைத்தால் கொத்து நிழலில் மறையும்.

நாற்று வாங்கும் முன்

வடகிழக்கு இத்தாலியில் பல காலமாகக் கேபர்னே ஃப்ராங் என்று வளர்த்த கொடிகளில் பெரும்பகுதி, உண்மையில் கார்மனேர் ரகம் என்று பின்னர் தெரியவந்தது. கார்மனேர் தாமதமாகப் பழுப்பது; குளிர்ப் பகுதியில் பச்சை வாடை எளிதில் போகாது. திராட்சைக் கொடி பல பத்தாண்டுகள் நிற்கும் பயிர். எந்த ரகமானாலும், பெயரை மட்டும் நம்பாமல் சான்று பெற்ற நாற்றையே கேட்டு வாங்குங்கள்.