1.27இல் அடங்காத தொழிற்சாலை: காற்றாலை வேலைக் கணக்கு குறித்து

காற்றாலை எத்தனை பேருக்கு வேலை தருகிறது என்ற கேள்விக்குப் பலரும் காட்டும் எண் 1.27. சி.இ.இ.டபிள்யூ., என்.ஆர்.டி.சி. அமைப்புகள் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு மெகாவாட்டுக்கு 1.27 முழுநேர வேலை. தரையில் அமையும் சூரிய மின்நிலையத்துக்கு 3.45, கூரைமேல் அமைவதற்கு 24.72. மூன்றையும் அருகருகே வைப்பவர், காற்றாலை ஆள் தேவைப்படாத தொழில் என்று முடிவுகட்டிவிடுவார். அந்த முடிவு எனக்கு உடன்பாடில்லை.

1.27ஐப் பிரித்தால் தொழில் வாய்ப்புத் தேடல் 0.11, வடிவமைப்பு 0.05, கட்டுமானம் 0.61, இயக்கமும் பராமரிப்பும் 0.50. முதல் மூன்றும் சேர்ந்த 0.77 ஆலை எழுந்ததும் தீர்ந்துவிடும் வேலை. கடைசி 0.50 ஆலை சுழலும் காலமெல்லாம் ஆண்டுதோறும் தொடர்வது. 20 ஆண்டுக்கு அதுவே 10 மனித ஆண்டு, அதாவது ஒருவர் பத்தாண்டு செய்யும் வேலை. கொத்தனாரின் ஒருமுறைக் கூலியையும் காவலாளியின் மாதச் சம்பளத்தையும் கூட்டி ஒரே தொகையாக எழுதலாமா? ஆய்வாளர்கள் உறுப்புகளைத் தனித்தனியாகவே தந்திருக்கிறார்கள். எடுத்தாள்வோர்தான் கூட்டுத்தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அதைவிடப் பெரிய குறை, நான்கு உறுப்பிலும் காற்றாலைப் பாகங்களின் உற்பத்தி இல்லை. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் போகிறவருக்கு இது விளங்கும். ஒரகடத்தில் டிபிஐ நிறுவனம் தொடங்கிய காற்றாலை இறக்கை ஆலை, திருப்பெரும்புதூரில் காற்றாலை நிறுவனமான வெஸ்டாஸின் தொழிற்சாலை. இறக்கை செய்வது பெரும்பாலும் கைவேலை. நீண்ட அச்சுக்குள் கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக விரித்து, சுருக்கம் நீவி, பால்சா கட்டை பதித்து, மேலே பிளாஸ்டிக் உறை போர்த்திக் காற்றை உறிஞ்சியெடுத்துப் பிசினை ஓடவிட வேண்டும். கண்ணில் படாத ஒரு சுருக்கம் பின்னால் விரிசலாகலாம்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜே ருட்டோவிட்ஸ் குழுவின் 2015ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு மெகாவாட்டுக்கு உற்பத்திக்கு 4.7 மனித ஆண்டு, நிறுவுவதற்கு 3.2, இயக்கத்துக்கும் பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் 0.3 வேலை. அதாவது ஒருமுறை வேலையில் விடுபட்டதுதான் பெரும்பங்கு. வளர்ந்த நாடுகளை அடிப்படையாகக் கொண்ட அந்த 4.7ஐ ஒரகடத்துக்கு அப்படியே பொருத்த எனக்குத் துணிவில்லை. ஏற்றுமதியாகும் பாகங்களுக்கான உழைப்பும் இங்கே நடும் மெகாவாட் கணக்கில் சேராது. ஆனாலும் உற்பத்தியைப் பூஜ்யமாக வைப்பதைவிட ஓர் உத்தேச எண் மேல்.

பழைய எண்களிலும் சிக்கல் உண்டு. இந்தியக் காற்றாலைத் துறையில் 2010இல் மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் தொழிற்கூட்டமைப்பான சி.ஐ.ஐ.யும் சொன்னது 42,000 பேர். பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமையான ஐரீனாவின் 2014, 2015, 2016 அறிக்கைகள் மூன்றிலும் 48,000. 2012-13இல் சுமார் 1,700 மெகாவாட்டாக இருந்த புதிய நிறுவல் 2015-16இல் ஏறக்குறைய இரட்டிப்பானபோதும் ஆள்கணக்கு அசையவில்லை. ஏடு பெயர்த்தவர் முந்தைய ஏட்டின் எழுத்தை அப்படியே படியெடுத்த கதைதான் இது என்பது என் கருத்து. 48,000 என்ற மூல மதிப்பீடு 2010க்குப் பிந்தியது, 2014க்கு முந்தியது எனலாம். அதற்குமேல் காலத்தை இறுக்குவதற்கில்லை.

உற்பத்தியில் இருக்கும் ஆட்களை எண்ண அரசுப் பதிவேடுகளும் அதிகம் உதவா. தேசியத் தொழில் வகைப்பாட்டின் 2811ஆம் பிரிவில் காற்று டர்பைன், நீராவி டர்பைன், கப்பல் இயந்திரம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளியின் வைப்புநிதியோ பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் குறியீட்டில் ஏறும். ஷிஃப்ட் முழுக்க இழைத் துணி நீவியவர் அந்தப் பதிவில் ஆள் வழங்கும் நிறுவனத்தின் ஊழியர்.