புளி வெள்ளிக்கு, முத்துக்கு இல்ல

பொங்கலுக்கு வீடு ஒதுங்க வைக்கும்போது எங்க பக்கம் வெள்ளிச் சாமான் எல்லாம் முற்றத்துக்கு வந்துரும். கொலுசு, அரைஞாண், குங்குமச் சிமிழ், பிள்ளைக்குப் பால் புகட்டுற சங்கு. பூந்திக்கொட்டை ஊறவச்ச தண்ணியில அலசி, திருநீறு தொட்டு, பழைய வேட்டித் துணியால தேய்க்கிறது ஆச்சிமார் வழக்கம். ரொம்பக் கறுத்ததுக்குப் புளி. பட்டணத்துல இருக்கிறவங்க புளிக்குப் பதிலா எலுமிச்சை, திருநீறுக்குப் பதிலா பற்பசைன்னு மாறிட்டாங்க. ஆனா எல்லாத்தையும் ஒரே தட்டுல போட்டு ஊறவைக்கிற பழக்கம் மட்டும் மாறல. அந்தத் தட்டுல பாட்டி காலத்து முத்து ஒண்ணு கிடந்தா அங்கதான் வினை. அதைச் சொல்லணும்னா கொற்கையில இருந்து தொடங்கணும்.

கொற்கை இன்னைக்கு நெல்லும் வாழையும் விளையுற சின்ன ஊர். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டின வண்டலால கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போயிருச்சு. ஒரு காலத்துல பாண்டியரோட முத்துத் துறைமுகம் இதுதான். கி.பி. முதல் நூற்றாண்டுல ஒரு கிரேக்க வணிகர் எழுதின 'பெரிப்ளூஸ்' நூல், தண்டனை பெற்ற கைதிகளை இறக்கித்தான் இங்க முத்தெடுத்தாங்கன்னு சொல்லுது. யார் கழுத்துல பெரிய முத்துமாலையைப் பார்த்தாலும் எனக்கு இதுதான் முதல்ல ஞாபகம் வரும். ஊருக்குள்ள இருக்கிற சிவன் கோயிலுக்கு அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில்னு பேரு. அக்கசாலைன்னா பொன்னும் வெள்ளியும் உருக்கி நகை செய்யுற, காசு அடிக்கிற பட்டறை. பட்டறை போயிருச்சு, பேரு சாமிகிட்ட தங்கிருச்சு.

உருக்க வெள்ளி எங்க இருந்து வந்துச்சு? சொல்லிக்கிற மாதிரி வெள்ளிச் சுரங்கம் தமிழ்நாட்டுல கிடையாது. கப்பல்லதான் நிறைய வந்திருக்கு. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோம வெள்ளிக்காசுகள் கொங்கு நாட்டுல புதையல் புதையலாக் கிடைச்சிருக்கு. வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகுதேன்னு ப்ளினி என்கிற ரோம எழுத்தாளர் புலம்பியிருக்கார். தென் அமெரிக்காவுல பொட்டோசி மலையில 1545இல் வெள்ளி கண்டுபிடிச்ச பிறகு, அந்த வெள்ளியும் ஐரோப்பா சுத்தி, போர்ச்சுகீசியர் கப்பல்ல கோவாவுக்கு வந்துச்சு. 1658இல் தூத்துக்குடியைப் பிடிச்ச டச்சுக்காரங்க இங்கிருந்து துணியை ஏத்தினாங்க. ஆக, முத்தும் துணியும் மிளகும் போச்சு, வெள்ளி வந்துச்சு. வந்த வெள்ளியை உருக்கி, திரும்ப உருக்கித்தான் நம்ம ஊர்க் காலுக்கும் இடுப்புக்கும் போட்டிருக்கோம். உங்க வீட்டுத் தண்டையில எந்த நாட்டு வெள்ளி கலந்திருக்குன்னு ஆசாரியால கூடச் சொல்ல முடியாது.

முத்துக்குளிப்பு பத்தி 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில வந்த மார்க்கோ போலோ விவரமா எழுதியிருக்கார். ராஜாவுக்குப் பத்துல ஒரு பங்கு. சுறா கடிக்காம மந்திரம் போடுறவருக்கு இருபதுல ஒண்ணு. (மூச்சடக்கி இறங்குறவன் ஒருத்தன், கரையில உட்கார்ந்து பங்கு வாங்குறவன் ஒருத்தன். விவசாயிக்கு இது புதுசா என்ன?) காலுக்குக் கல் கட்டி இறங்கி, சிப்பியை அள்ளிக் கூடையில போட்டு, மேல இருக்கிறவர் கயிறை இழுக்க ஏறி வரணும். கொண்டுவந்த சிப்பியைப் பெரும்பாலும் உடைச்சுப் பார்க்கிறதில்லை. கரையில குவிச்சு, நாள் கணக்கா அழுகவிட்டு, புழு தின்னது போக மிச்சத்தை அலசி அரிச்சு முத்து பொறுக்குவாங்க. அந்த நாத்தத்துல இருக்கிறது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகின முட்டை வாடையும் அதுதான், வெள்ளியைக் கறுக்க வைக்கிறதும் அதுதான்.

வெள்ளி கறுக்கிறது அழுக்கு இல்ல. வெள்ளி மேல கந்தகம் சேர்ந்து உண்டாகுற வெள்ளி சல்பைடு. உளுந்துல சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் அடிச்சுட்டு வந்தா, கையில கிடக்கிற வெள்ளி மோதிரம் கறுத்துப் போறது எங்க ஊர்ல எல்லாரும் பார்த்ததுதான். ரப்பர் பேண்ட் போட்டுச் சுத்தி வச்ச கொலுசும் இப்படித்தான் கறுக்கும். திருநீறு போட்டுத் தேய்ச்சா கறுப்போட கொஞ்சம் வெள்ளியும் போகும். பழைய தண்டையில பூ வேலை மழுங்கிக் கிடக்கிறதுக்கு நடை பாதி காரணம்னா, தேய்ப்பு பாதி. பற்பசை கீறலும் போடும். அலுமினியத் தாள் விரிச்ச பாத்திரத்துல வெந்நீரும் சமையல் சோடாவும் போட்டு, வெள்ளி அந்தத் தாளைத் தொடுற மாதிரி வச்சா, கந்தகம் அலுமினியத்துக்குப் போயிரும்; வெள்ளி வெள்ளியாவே திரும்பும். வேணும்னே கறுப்பு ஏத்தின வேலைப்பாடு, கல், முத்து வச்ச நகைக்கு மட்டும் இது கூடாது.

முத்து வேற சாதி. அது உலோகமே இல்ல. சுண்ணாம்புச் சத்தை மெல்லிய அடுக்கடுக்கா வச்சு சிப்பி கட்டின பொருள். புளிப்பு பட்டா கரையும். கிளியோபாத்ரா முத்தைக் காடியில கரைச்சுக் குடிச்சாள்னு ஒரு கதையை அதே ப்ளினி எழுதி வச்சிருக்கார். கதை எப்படியோ, புளித்தண்ணியில போட்ட முத்தோட மினுமினுப்பு போறது நிஜம். தேய்ச்சு அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

வேற வாங்கிக்கலாமேன்னா, இந்தக் கடல்ல அது நடக்காது. 1955 தொடங்கி 1961 வரைக்கும் நடந்ததுதான் தூத்துக்குடியோட கடைசி முத்துக்குளிப்பு. அதுக்கப்புறம் பார்ல குளிக்கிற அளவுக்குச் சிப்பி சேரவே இல்ல. 1973இல் இதே தூத்துக்குடியில மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி அழகர்சாமி வளர்ப்பு முத்து உண்டாக்கிக் காட்டினார். பெரிய சாதனை. ஆனா மன்னார் வளைகுடாவுல தானா விளைஞ்ச முத்து, பழைய பெட்டிகள்ல இருக்கிறது மட்டும்தான்.

அதனால பாட்டி பெட்டியைத் திறந்தா முதல்ல முத்து உள்ளதைத் தனியா எடுங்க. ஈரத் துணியால துடைச்சு, நிழல்ல காயவிட்டாப் போதும். வெள்ளியைக் காத்துப் புகாத பையில வைக்கலாம். முத்தை அப்படி அடைச்சா வறண்டு வெடிக்க வாய்ப்பு உண்டு, பருத்தித் துணியில சுத்தி வைங்க. வெள்ளியில பதிச்ச முத்துன்னா வெள்ளிப் பாகத்தை மட்டும் உலர்ந்த துணியால ஒத்தி எடுங்க. கறுப்பு கொஞ்சம் தங்கினாலும் தங்கட்டும்.