காஞ்சிபுரம் வட்டாரக் கிறித்தவமும் சாதியும்

பழைய செங்கற்பட்டு மாவட்டம் இன்று காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. சாதி பற்றிய கிறித்தவ போதனை இந்தப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டு முதல் எப்படி உருவானது, எங்கே நடைமுறைக்கு வந்தது, எங்கே பேச்சோடு நின்றது என்பதை இக்கட்டுரை கூறுகிறது. கருக்கலைப்பு, மணமுறிவு, மரண தண்டனை என்று உலகத் திருச்சபைகள் இன்று வாதிடும் அறநெறிக் கேள்விகள் பல. இந்த வட்டாரத்தில் அவை எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்ற கேள்வி வேறு. ஒரே பந்தியில் நற்கருணை வாங்குகிறவர்கள் ஒரே தெருவில் குடியிருக்கலாமா? ஒரே ஏரியின் தண்ணீரில் சொந்தமாகப் பயிர் வைக்கலாமா?

கோயில்களும் பட்டுத்தறிகளும் நிறைந்த காஞ்சி நகரத்தில் கிறித்தவர் எண்ணிக்கை என்றுமே சிறிதுதான். சபைகளில் பெரும்பகுதி சுற்றுக் கிராமங்களின் சேரிகளில் வளர்ந்தது. அதனால் இந்த வரலாறு நகரத்தைவிட வயல்வெளியில்தான் அதிகம் நடக்கிறது.

முன்வரலாறு

தமிழகத்துக்கு வந்த கிறித்தவம் தொடக்கத்திலிருந்தே சாதி விஷயத்தில் இரண்டு மனத்தோடு இருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பூணூலும் குடுமியும் சமூக வழக்கங்களே, சமயச் சின்னங்கள் அல்ல என்று வாதிட்டார். 1623இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரி அதற்கு இசைந்தார். உயர்சாதியாருக்கு ஒரு குரு, ஒடுக்கப்பட்டோருக்குப் பண்டாரசாமி என்று தனித்தனி ஏற்பாடு வந்தது. சீர்திருத்தச் சபையாரிடம் எதிர்ப்பு பிற்பாடுதான் கூர்மையானது. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதிப் பிரிவினை உடனே, முற்றாகக் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறித்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே சாதி ஒழுக்கத்தின் பக்கம் நின்று வாதாடினார். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, சாதியை விட்டதற்கான அடையாளம் இல்லாதவரைச் சபையில் சேர்க்கலாகாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் உடன்படாமல், சாதி தானாகத் தேயட்டும் என்று பொறுத்திருந்தது.

இந்த வாதங்கள் பெரும்பாலும் கோயிலுக்குள் யார் எங்கே உட்காருவது, யாரோடு யார் சாப்பிடுவது என்பதைப் பற்றியவை. அவை முக்கியமானவைதாம். ஆனால் சேரியில் இருந்தவனின் முதல் கவலை அது அல்ல.

காஞ்சியில் ஆண்டர்சன் பள்ளி

ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் ஒரு பள்ளி தொடங்கினார். சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு மூலம் அதுதான். 1838இல் ஒடுக்கப்பட்ட வகுப்புச் சிறுவர்கள் அங்கே படிப்பது தெரியவந்தபோது, அவர்களை நீக்கச் சொல்லி உயர்சாதிப் பெற்றோர் திரண்டனர். ஆண்டர்சன் மறுத்தார். மாணவர் பலர் பள்ளியை விட்டுப் போனார்கள், ஆனாலும் அவர் இறங்கி வரவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் காஞ்சிபுரத்திலும் செங்கற்பட்டிலும் அந்த மிஷனின் கிளைப் பள்ளிகள் எழுந்தன. காஞ்சியில் இன்றும் ஆண்டர்சன் பெயரில் மேல்நிலைப்பள்ளி நடக்கிறது.

ஆண்டர்சனின் பிடிவாதம் பாராட்டத்தக்கது. ஆனால் அந்த மிஷனின் கணக்கு மேலிருந்து தொடங்கியது: உயர்சாதி இளைஞர்களின் எண்ணத்தை ஆங்கிலக் கல்வி மாற்றினால் மாற்றம் மெல்லக் கீழே பரவும். கல்லூரியைப் பெரிதாக வளர்த்த வில்லியம் மில்லரும் இந்த நம்பிக்கையில்தான் உழைத்தார். அரை நூற்றாண்டு ஆகியும் சேரிக்கு எதுவும் பரவி வரவில்லை. அதை முதலில் உரக்கச் சொன்னவர்கள் அதே மிஷன்களின் கிராமத்து ஊழியர்கள்.

மிராசும் சேரியும்

செங்கற்பட்டுப் பகுதியின் நில ஏற்பாடு மிராசு முறையில் அமைந்தது. ஊரின் நிலத்தில் பரம்பரைப் பங்குரிமை கொண்ட வேளாளரும் பிராமணரும் மிராசுதார்கள். சென்னைக் கலெக்டராக இருந்த எப். டபிள்யூ. எல்லிஸ் 1818இல் இந்த உரிமையை விரிவாக எழுதி வைத்தார். பயிரிட்டவர்களில் பெரும்பகுதியினர் பறையர். கூலி நெல்லாக அளக்கப்பட்ட படியாள், தலைமுறைக் கடனில் கட்டுண்ட பண்ணையாள் என்ற நிலையில் அவர்கள் இருந்தார்கள். அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டத்தோடு போயிற்று. கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடன் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குவது மட்டும் போகவில்லை.

கட்டு இவ்வளவு இறுக்கமாக இருந்ததற்கு இரண்டு காரணங்கள். முதலாவது குடிசை நின்ற மண். சேரி நத்தம் தங்களுடையது என்று மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள். எதிர்த்துப் பேசினால் வேலையோடு வீடும் போகும். இரண்டாவது தர்க்காஸ்து விதி. ஊரில் தரிசு கிடந்தால் அதை யாரும் மனுப்போட்டுக் கேட்கலாம், ஆனால் மிராசுதாருக்கு முன்னுரிமை. சேரியிலிருந்து ஒரு மனு போனதும் மிராசுதார் தனக்கே அந்தத் தரிசு வேண்டும் என்பார், மனு விழும். சட்டப்படி சுதந்திரன், ஆனால் காலூன்ற ஒரு அடி மண் கிடையாது.

தாது வருடப் பஞ்சம் (1876–78) இந்த நிலையை உலகத்துக்குக் காட்டியது. பஞ்ச நிவாரணத்தின்போதும் பிறகும் சேரிகள் சேரிகளாக ஞானஸ்நானம் பெற்றன. பக்கத்துச் சேத்துப்பட்டில் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குரு தாராஸ் அடிகளாரும், திருவள்ளூர் அருகே ஈக்காட்டில் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடியும், செங்கற்பட்டில் ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூவும் இந்த அலையில் உழைத்தவர்கள். சோற்றுக்காகச் சேர்ந்த கிறித்தவர்கள் என்ற ஏளனம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பசித்தவன் சோறு கேட்டதை அவன் நம்பிக்கையின் குறையாகப் பார்ப்பது நியாயமில்லை. அவன் மரியாதையும் கேட்டான், பள்ளிக்கூடமும் கேட்டான், குடிசைக்கு மனையும் கேட்டான்.

1891–92: டிரெமென்ஹீர் அறிக்கையும் பஞ்சமி நிலமும்

ஆண்ட்ரூ தரிசு நிலத்துக்காகச் சேரி மக்கள் சார்பில் மனுப்போடத் தொடங்கினார். மிராசுதார்களின் எதிர்ப்பிலும் தாலுகா அலுவலகங்களின் இழுத்தடிப்பிலும் மனுக்கள் சிக்கின. அவரும் கௌடியும் அதைப் பத்திரிகைகளில் எழுதினார்கள், சென்னை மிஷனரி மாநாடு அரசுக்கு முறையிட்டது. பறையரின் துயரம் மத ஒழுக்கத்தின் குறை மட்டுமல்ல, நில நிர்வாகத்தின் விளைவு என்பதே அந்த எழுத்துகளின் சாரம். கிறித்தவ அறநெறி இந்த வட்டாரத்தில் பேசிய மிகத் தெளிவான பேச்சு இதுதான். பாவத்தை மனிதரின் உள்ளத்தில் மட்டும் தேடாமல் கிராமக் கணக்கிலும் தேடியது.

செங்கற்பட்டுக் கலெக்டர் ஜே. எச். ஏ. டிரெமென்ஹீர் 1891இல் மாவட்டத்துப் பறையரின் நிலை பற்றி ஒரு குறிப்பு தயாரித்தார். மிராசு முன்னுரிமையை நீக்குவது, குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்குவது, தரிசு நிலம் ஒதுக்குவது, பள்ளிகளைப் பெருக்குவது ஆகியவை அவர் கேட்டவை. வருவாய் வாரியம் விரும்பவில்லை. பறையர் நிலை சீராகவே இருக்கிறது, சர்க்கார் கை வைக்க வேண்டியதில்லை என்பது அதிகாரிகள் பலரின் எண்ணம். இழுபறிக்குப் பிறகு 30.9.1892 அன்று 1010, 1010-அ என்ற எண்களில் வருவாய்த்துறை அரசாணைகள் வெளிவந்தன. ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கும் நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, அதற்குப் பிறகும் அவ்வகுப்பினருக்கே விற்கலாம் என்ற நிபந்தனை வந்தது. பஞ்சமி நிலம் என்றும், கணக்கில் டி.சி. நிலம் என்றும் இன்று சொல்லப்படுவது இதைத்தான்.

இந்த வெற்றியை மிஷனரிகளின் கணக்கில் மட்டும் எழுதுவது தவறு. அதே மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைக் கட்டினார், 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் பௌத்தத்தின் பக்கம் திரும்பினார். இருவரும் கிறித்தவத்தைத் தீர்வாக ஏற்கவில்லை. மதம் மாறிய பின்னும் தொடரும் சாதியை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

நிலம் கிடைத்த இடத்திலும் மாடு, ஏர், விதை, கிணறு எதுவும் கூடவே கிடைக்கவில்லை. ஆண்ட்ரூ சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் மெல்ரோசாபுரம் என்ற உழவர் குடியேற்றத்தை ஏற்படுத்தியது அந்தக் குறையை நிரப்பத்தான். மற்ற ஊர்களில் பஞ்சமி நிலம் கடனுக்காகவும் மிரட்டலுக்காகவும் நிபந்தனையை மீறிக் கைமாறிப் போனது.

சுதந்திரத்துக்குப் பின்

ஸ்காட்லாந்து மிஷனின் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கியத் திருச்சபையிலும், பின் வெஸ்லியன் சபைகளோடு சேர்ந்து 27.9.1947 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. காஞ்சி இன்று அதன் சென்னைப் பேராயத்தில் அடங்கும். கத்தோலிக்கர் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தில் இருந்தனர். 2002இல் செங்கல்பட்டு தனி மறைமாவட்டமாகி, அ. நீதிநாதன் முதல் ஆயரானார்.

1950இன் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அது தளர்ந்தது, கிறித்தவருக்குத் தளரவில்லை. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கு இல்லை. 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சூசை வழக்கு இதன் கொடுமையைக் காட்டும். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த ஒருவருக்கு, அதே தொழில் செய்த மற்றவர்களுக்கு அரசு தந்த பங்க் கடை, அவர் கிறித்தவர் என்பதால் மறுக்கப்பட்டது. மதம் மாறிய பிறகும் இழிவு அதே அளவில் தொடர்கிறது என்று நிறுவவில்லை என்று நீதிமன்றம் கைவிரித்தது. இதனால் வட்டாரத்துக் கிராமங்களில் ஒரே மனிதருக்கு இரண்டு அடையாளங்கள் உண்டாயின: சர்டிபிகேட்டில் இந்து, ஞானஸ்நானப் பதிவேட்டில் கிறித்தவர். இதை ஏமாற்று என்று சொல்வது எளிது. சேரியில் பிறந்ததற்கான தண்டனை ஞானஸ்நானத்தோடு நிற்கவில்லை என்றால், நிவாரணம் மட்டும் ஏன் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இதுவரை வரவில்லை.

1980களில் தலித் கிறித்தவர்களே பேச எழுந்தனர். அரவிந்த் நிர்மல் சென்னைக் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலுக்குக் களம் அமைத்தார். மதுரை இறையியல் கல்லூரியின் தியாபிலஸ் அப்பாவு, பறட்டை என்று அறியப்பட்டவர், அதை நாட்டுப்புறப் பாட்டாக்கினார். 1990களில் சென்னைப் பேராயராக இருந்த ம. அசரியா இந்தக் குரலை உலகத் திருச்சபை மேடைகளுக்குக் கொண்டு சென்றார். இயேசு சபைக் குரு அந்தோணிராஜ் 1992இல் வெளியிட்ட ஆய்வு, தமிழகக் கத்தோலிக்கக் கோயில்களிலும் கல்லறைகளிலும் நடக்கும் பாகுபாட்டை ஆவணமாக்கியது. அதே ஆண்டு வந்த பாமாவின் ‘கருக்கு’ துறவற மடத்துக்குள் இருந்த சாதியை உள்ளிருந்தே சொன்னது. பாமா பின்னர் உத்திரமேரூர் வட்டாரத்தில் பள்ளி ஆசிரியையாக வாழ்ந்தார்.

நிலக் கேள்வி நூறு ஆண்டு கழித்துத் திரும்பியது. மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க 1994இல் மக்கள் திரண்டு, அங்கே அம்பேத்கர் சிலையை நிறுவினர். அதிகாரிகள் சிலையை அகற்றினர். 10.10.1994 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தனர். ஒரு பெயர் வேதாகமத்திலிருந்து வந்தது, மற்றது திருப்பதி மலையிலிருந்து. செங்கல்பட்டில் இயங்கிய இயேசு சபைக் குரு யேசுமரியான் உள்ளிட்ட கிறித்தவச் செயல்பாட்டாளர்கள் அந்த இயக்கத்தில் மக்களோடு நின்றார்கள். ஆண்ட்ரூ மக்கள் சார்பில் மனு எழுதினார். 1994இல் மக்களே முன்னால் நடந்தார்கள், குருக்கள் கூட நடந்தார்கள்.

அறிவிப்பும் நடப்பும்

போதனையைப் பொறுத்தவரை இன்று சந்தேகத்துக்கு இடமில்லை. சாதி மனப்பான்மை கிறித்தவத்தையே மறுப்பது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 1982இல் அறிவித்தது. 17.11.2003 அன்று தமிழக ஆயர்களைச் சந்தித்த பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், கிறித்தவர்களிடையே சாதிப் பாகுபாடு திருச்சபையின் பணிக்கே தடை என்று கண்டித்தார். 2016இல் ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கு ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா 2022இல் தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினாலானார்.

நடைமுறை வேறு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் நின்றது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப்பங்கு கேட்டதையொட்டி 9.3.2008 அன்று மோதல் வெடித்து, காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர். இறந்தவனை எந்தப் பக்கம் புதைப்பது என்று அடித்துக்கொள்ளும் சபை, உயிர்த்தெழுதலைப் பற்றி எத்தனை பிரசங்கம் செய்தாலும் கேட்கிறவர் நம்பமாட்டார். கலப்பு மணத்தில் நிலைமை இன்னும் மோசம். கிறித்தவத் திருமண விளம்பரங்களில் சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியும் அச்சாகிறது.

படியாள் முறையின் வாரிசுகளும் மறையவில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்த பிறகும், காஞ்சி மாவட்டத்து அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் அட்வான்ஸ் வாங்கிய இருளர் குடும்பங்கள் கட்டுண்டு கிடந்து மீட்கப்பட்டுள்ளன. 1997இல் அமெரிக்காவில் தொடங்கிய இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு சென்னையில் இயங்கி, இத்தகைய மீட்புகளில் மாவட்ட நிர்வாகங்களோடு உழைக்கிறது. உள்ளூர்ச் சபைகளிலிருந்து இதே அளவு கவனம் வந்திருக்க வேண்டும்.

சட்டப் போராட்டம் முடியவில்லை. 1950ஆம் ஆண்டு ஆணையின் மத நிபந்தனையை நீக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு அதை ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையம் அமைத்தது. தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி தரக் கோரி தமிழ்நாடு சட்டமன்றம் 19.4.2023 அன்று தீர்மானம் இயற்றியது. இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது.